அடிபம்பருகே நடந்தது அற்புதமா?

ஹெலன் கெல்லர் இல்லாத பள்ளிப் பேச்சுப் போட்டி உண்டா? கண் தெரியாத, காது கேளாத சிறுமியை ஆசிரியை ஒருநாள் அடிபம்பருகே அழைத்துச் சென்றார். கையில் தண்ணீர் கொட்டியது. அந்தக் கணமே மொழி பிறந்துவிட்டது! உடனே கைதட்டல். இதை 'அற்புதம்' என்கிறார்கள். அந்தச் சொல்லின் மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அங்கே நடந்த ஆராய்ச்சியை அது மறைத்துவிடுகிறது.

தேதிகளைப் பாருங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1880இல் பிறந்த ஹெலன், 19 மாதக் குழந்தையாக இருந்தபோது கடும் நோயால் பார்வையையும் செவிப்புலனையும் இழந்தார். ஆசிரியை ஆனி சல்லிவன் வந்து சேர்ந்தது 1887 மார்ச் 3. பம்பு நிகழ்ச்சி ஏப்ரல் 5. இடைப்பட்ட நாள்களில், ஒவ்வொரு பொருளையும் தொடவைத்து, அதன் பெயரை விரலெழுத்துகளால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே இருந்தார் ஆனி. மார்ச் இறுதிக்குள் 18 பெயர்ச்சொற்களும் 3 வினைச்சொற்களும் ஹெலனின் விரலுக்கு வந்துவிட்டன. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது மட்டும் விளங்கவில்லை. குவளை எது, அதிலிருக்கும் தண்ணீர் எது என்பதில் ஓயாத குழப்பம். குவளை பிடித்த கையில் தண்ணீரை வழியவிட்டு, மறு கையில் 'தண்ணீர்' என்று எழுதியது அதைப் பிரித்துக் காட்டத்தான். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கலவையைப் பிரிப்பதில்லையா, அதுபோல!

அடுத்து ஆனி செய்தது இன்னும் பெரிது. ஹெலனின் உறவினர் வீட்டில் 15 மாதக் குழந்தை ஒன்று இருந்தது. அதற்குப் பேச்சு வரவில்லை. ஆனால் பிறர் சொல்வது புரிந்தது. குழந்தைக்கு யாரும் பாடம் நடத்துவதில்லையே, அதன் காதுபட முழு வாக்கியங்களாகப் பேசுகிறோம், அவ்வளவுதானே என்று ஆனி யோசித்தார். ஹெலனின் கையிலும் அப்படியே பேசிப் பார்த்தால் என்ன? மணிக்கணக்குப் பாடங்களை நிறுத்திவிட்டு, நாள் முழுவதும் கையில் பேசத் தொடங்கினார். கவனித்தார், ஊகித்தார், சோதித்தார். அப்போது அவருக்கு 21 வயதுகூட நிறையவில்லை.

விரலெழுத்து ஆனிக்கு எப்படித் தெரிந்தது? கண்நோயால் பார்வை மங்கி, ஏழையர் விடுதியில் வளர்ந்து, அப்போது பாஸ்டனில் இருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு வந்தவர் அவர். அங்கே லாரா பிரிட்ஜ்மன் என்ற பெண்மணி இருந்தார். அவரும் பார்வையும் செவிப்புலனும் இழந்தவர். 1837 முதல் டாக்டர் ஹோவிடம் மொழி கற்றவர். அவரோடு பேசுவதற்காகவே ஆனி விரலெழுத்தைக் கற்றார். அந்த லாராவைப் பற்றி டிக்கன்ஸ் எழுதியதைப் படித்துத்தான், தம் மகளுக்கும் கல்வி தரமுடியும் என்று ஹெலனின் தாய் நம்பினார். ஆனி கொண்டுவந்த பொம்மைக்கு உடை தைத்தவரும் லாராதான். ஹெலனின் கையில் ஆனி எழுதிய முதல் சொல்லும் 'பொம்மை'!

குடும்பத்தார் மகளுக்காக ஊர் ஊராக அலைந்தார்கள். தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லிடமும் போனார்கள். அதே குடும்பம்தான், இரக்கப்பட்டு, எல்லார் தட்டிலும் கைவிட்டு அள்ளித் தின்ன அவளை அனுமதித்தது. ஆனி சண்டை போட்டு, அவளைத் தோட்டத்து வீட்டில் இரண்டு வாரம் தனியே வைத்துப் பழக்கவேண்டியதாயிற்று. இதில் நான் ஆனியின் பக்கம்.

அற்புதம் என்றால் வரும்வரை காத்திருக்கலாம். ஆசிரியர் என்றால் பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, வீடு தேடி அனுப்பவேண்டும். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த இரட்டைக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதை அற்புதத்தால் நிறைவேற்ற முடியாது; இத்தகைய குழந்தைக்கு அருகில் அமர்ந்து கையில் பேசும் ஓர் ஆள் வேண்டும்.

ராட்கிளிஃப் கல்லூரியிலும் ஹெலனின் அருகில் அமர்ந்து, விரிவுரைகளைக் கையில் எழுதியவர் ஆனிதான். பிரெயிலில் இல்லாத புத்தகங்களைத் தம் பழுதான கண்களால் படித்துச் சொன்னவரும் அவரே. 1904இல் கல்லூரி பட்டம் கொடுத்தது ஹெலனுக்கு மட்டும்.