வெளிநாட்டுக்காரருக்கு ரூம், வன்னிக்காரருக்குப் பாய்

ஆவணியில் யாழ்ப்பாண நகரத்துக்குள்ள ஒரு ரூம் தேடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். நல்லூர்த் திருவிழா 25 நாள். கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூட லீவு. ஆடி முழுக்க அடக்கி வைத்திருந்த கலியாணங்கள் எல்லாம் ஆவணி பிறந்தவுடன் வரிசையில் நிற்கும். ஆகவே கலியாண வீடுகள் ஆறு மாதத்துக்கு முன்னமே ஒரு ஹொட்டேலில் பத்து, இருபது ரூமை மொத்தமாகப் பிடித்து வைக்கின்றன. பிடிக்கிறதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆருக்குப் பிடிக்கிறோம் என்பதில்தான் பிரச்சினை.

போன வருசம் என்ர மச்சாளின்ர கலியாணத்துக்கு அந்த ரூம் லிஸ்ட் என்னட்டைத்தான் வந்தது. "கம்பஸ் பிள்ளைதானே, எக்செல் தெரியும்" என்று மாமா பொறுப்புத் தந்தார். எனக்கும் அப்ப அது ஒரு பெருமைதான்.

இருபது ரூம், இரண்டு இரவு. பாதிக் காசு அட்வான்ஸ். ஹொட்டேல்காரர் ஒரு திகதி தந்தார்கள்: அதுக்கு முதல் வேண்டாத ரூமைத் திருப்பிக் குடுக்கலாம், அதுக்குப் பிறகு ஆள் படுத்தாலும் படுக்காவிட்டாலும் காசு காசுதான். பின்னேரம் 2 மணிக்குத்தான் திறப்புத் தருவார்கள், மறுநாள் மத்தியானம் 12 மணிக்கு வெளிக்கிட வேண்டும். எங்கட முகூர்த்தமோ விடியப்புறம். அதனால் முதல்நாள் இரவுக்கும் காசு கட்டியே ஆகவேண்டும். 12 மணி என்பது இரண்டாம் பந்தி நடக்கிற நேரம். சீலைத்தலைப்பில் சாம்பார் பட்ட மாமிமார் சூட்கேஸ் அடுக்க ஓடினதை நான் பார்த்தேன். கலியாணத்தின் மணிக்கூடும் ஹொட்டேலின் மணிக்கூடும் ஒருநாளும் ஒத்துப்போகாது. இதை ஆரும் முதலே சொல்லித் தருவதில்லை, அதனால் இஞ்ச எழுதி வைக்கிறேன்.

இனி லிஸ்ட். மாமா தந்த தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ப்ளைட் வருகிற நாள், பிள்ளைகளின் வயது, ஏசி வேணுமா, மேல்மாடி சரியா என்று எல்லாம் இருந்தது. பதினெட்டு ரூம் வெளிநாட்டுக்காரருக்கு. இரண்டு கொழும்பு ஆக்களுக்கு. புதுக்குடியிருப்பு, கிளிநொச்சி, மட்டக்களப்பில் இருந்து பஸ்சிலும் வானிலும் வருகிற முப்பத்தொரு பேருக்குத் தாளின் அடியில் ஒரேயொரு வரி: "மற்றாக்கள் – மண்டபம்."

மற்றாக்கள்! அதில் ஒருவர் மாமாவின் சொந்தப் பெரியப்பாவின் மகள். எனக்குப் பெரியம்மா.

மண்டபத்தில் ஓர் இரவு படுத்திருக்கிறீர்களா? டெக்கரேசன் பெடியள் மணவறைக்குப் பூக்கட்டி முடிக்க இரவு ஒரு மணி தாண்டும், அதுவரைக்கும் லைட் அணையாது. கதிரைகளை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு அந்த இடத்தில் பாய் விரிக்க வேணும். பெண்களுக்கு இருந்தது இரண்டே இரண்டு கக்கூஸ், இரண்டும் குந்தி இருக்கிறது. மணமகள் அறையை மேக்கப்காரர் உள்ளே பூட்டிக்கொண்டார். ஆகவே மூன்று மணிக்கே எழும்பி, ஒரு சின்னக் கண்ணாடிக்கு முன்னால் பன்னிரண்டு பெண்கள் வரிசையில் நின்று சீலை உடுத்தார்கள். பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நிலத்தில் இருந்தால் எழும்ப ஏலாது. அவர் பாயிலேயே படுக்கவில்லை. விடியுமட்டும் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சுவரோடு சாய்ந்திருந்தார்.

அதே இரவு, அரைக்கட்டை தூரத்தில், நாங்கள் காசு கட்டின ரூம்களில் நாலு வெறுமையாகக் கிடந்தன. ஒரு கனடாக் குடும்பம் தங்கட ஊர் வீட்டைத் திருத்தி முடித்துவிட்டது என்று அங்க போய்விட்டது. இன்னொரு ஆக்கள் ப்ளைட் மாற்றினார்கள். ஒருதரும் திகதிக்கு முதல் சொல்லவில்லை. நாலு திறப்பும் என்ர பையுக்குள்ள.

இரவு பத்து மணிக்கு மாமாவுக்கு எடுத்துக் கேட்டேன். "வேண்டாம், அவையள் திடீரெண்டு வந்து நிண்டால் என்ன செய்யிறது? அக்காவுக்கு உந்த ஏசியும் ஒத்துவராது." நான் மேலே ஒன்றும் கதைக்கவில்லை. திறப்பு பையுக்குள்ளயே விடிந்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளி நான்தான், மாமா இல்லை.

பெரியம்மாவை ஆர் என்று சொல்ல வேணும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பக்கம் நடந்தது எங்கட தலைமுறைக்குக் கதை. அம்மாக்களுக்கு அது கால்வலி. எங்கட குடும்பம் தென்மராட்சியில் கொஞ்சக்காலம் இருந்து, பிறகு கிளாலியால் வள்ளமேறி வன்னிக்குப் போனது. போய் இறங்கினது புதுக்குடியிருப்பில் பெரியம்மா வீட்டில். ஒரு அறை, ஒரு விறாந்தை, கிடுகுக் கூரை. பதினேழு பேர். மாமா அப்ப பெடியன். அந்த ஒரு அறையைப் பெரியம்மா வந்தவர்களுக்கு விட்டுவிட்டு, தான் கைக்குழந்தையோடு குசினிக்குள்ள படுத்தவர் என்று அம்மா இண்டைக்கும் சொல்லுவா. அந்த வீடும் 2009இல் இல்லாமல் போனது. வாடகைக்கு ரூம் இல்லாத காலத்தில் அறை தந்த மனிசியை, காசு கட்டின ரூம் நாலு வெறுமையாய்க் கிடக்கிற காலத்தில் கதிரையில் இருத்தினோம்.

இந்த இடத்தில் சிலர் "அதுதான் சொல்லுறது, ஹொட்டேல் கலாசாரமே பிழை, அந்தக் காலத்தில் சொந்தக்காரர் வீட்டில்தானே தங்கினவை" என்று வருவார்கள். தயவுசெய்து வரவேண்டாம். அந்தக் காலத்தில் முப்பது பேர் வந்து தங்கின வீட்டில் விடிய நாலு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி போட்டது ஆர்? பலகாரச்சூட்டில் இருந்து கடைசிப் பாயை உதறி மடிக்கும்வரை முறிஞ்சது ஆர்? அம்மாக்களும் மாமிமாரும்தான். விருந்தினர் ஹொட்டேலில் தங்குவதால் ஒரு பெண்ணுக்கு இரண்டு இரவு நித்திரை கிடைக்கிறதென்றால் நான் ஹொட்டேலின் பக்கம்.

சாதியையும் மறைக்க வேண்டாம். "எல்லாரும் ஒரே வீட்டில்" என்று நாங்கள் நினைத்து உருகுகிற அந்த வீட்டின் விறாந்தையைத் தாண்ட விடப்படாத ஆக்களும் ஊரில் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு பேணி, வேறு சிரட்டை. பொது இடங்களில் சாதி பார்த்து மறிப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தது. அதுக்குப் பிறகும் 60களில் தேத்தண்ணிக் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போகப் போராட வேண்டியிருந்தது. ஹொட்டேல் கவுண்டரில் நிற்கிற பிள்ளை அடையாள அட்டையைத்தான் கேட்கும், "தம்பி எவடம்? ஆற்ற மகன்?" என்று கேளாது. என்னோட படிக்கிற சினேகிதருக்கு எங்கட சில சொந்தக்காரர் வீட்டைவிட ஹொட்டேல் ரூம் மரியாதையான இடம். இதை எழுத வெட்கமாக இருந்தாலும் உண்மை.

ஆகவே ரூம் வேணும். அது பஸ்சில் வாறவருக்கு முதல் வேணும்.

ஏன் என்றால், லண்டனில் இருந்து வாறவர் தன்ர காட்டால் ஒன்லைனில் இன்னொரு ரூம் எடுப்பார். புதுக்குடியிருப்பில் இருந்து வாறவர் எடுக்க மாட்டார்; திருவிழா விலையில் ஓர் இரவு ரூம் அவருக்குப் பல நாள் கூலி. எடுக்கக்கூடியவருக்கு நாங்கள் எடுத்துக் குடுக்கிறோம், ஏலாதவருக்குப் பாய் விரிக்கிறோம். "அவையள்தானே காசு அனுப்பினவை" என்பது மாமாவின் அடுத்த பதில். சரி, அனுப்பினார்கள். அப்படியென்றால் இது விருந்து இல்லை, பங்குச்சந்தை. கலியாணக் காட்டிலயே போட்டுவிடலாம், இவ்வளவு தந்தால் ஏசி, இவ்வளவு தந்தால் பான், ஒன்றும் தராவிட்டால் மண்டபம் என்று.

"ஊர்ச்சனம் ஹொட்டேலுக்கு வரக் கூச்சப்படுவினம்" என்ற கதைதான் எனக்கு ஆகலும் எரிச்சல். ஒருதரும் அவையளைக் கேட்டதில்லை. கனடாவுக்கு வட்ஸ்அப்பில் மூன்று தரம் கேட்டோம், தலையணை உயரம் உட்பட. புதுக்குடியிருப்புக்கு அழைப்பு வைக்கப் போன அன்று "நீங்கள் எங்க தங்குவியள், அக்கா?" என்ற ஒரு கேள்வி போதும். கூச்சப்படுகிற ஆள் இருந்தால் இருக்கட்டும், அவர் தன்ர வாயால் வேண்டாம் என்று சொல்லட்டும்.

செய்யிறது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பெரிய ஹொட்டேலில் இருபது ரூம் எடுக்கிற காசுக்கு, மண்டபத்துக்குக் கிட்ட உள்ள சாதாரண லொட்ஜில் இன்னும் கூட எடுக்கலாம். முழங்கால் வருத்தக்காரருக்குக் கீழ்மாடி, கொமட் உள்ள ரூம். ஹொட்டேல் தந்த திகதிக்கு ஒரு கிழமை முன்னம் வெளிநாட்டுக்காரரிடம் "வாறியளோ இல்லையோ" என்று கண்டிப்பாகக் கேட்டு, பதில் இல்லாத ரூமை அடுத்த பெயருக்கு மாற்ற வேணும். வான் ஓடிக்கொண்டு வருகிற பெடியனையும் லிஸ்டில் போடுங்கோ. அவன் இரவு நித்திரை இல்லாமல் திரும்ப ஏ9ஆல் ஓடப்போகிறவன்.

வாற தையில் மச்சானுக்குக் கலியாணம். லிஸ்ட் திரும்பவும் என்னட்டைத்தான். இந்த முறை "ப்ளைட்" என்ற நிரலுக்கு முன்னால் "பஸ்" என்று ஒரு நிரல் போட்டு, முதலாவது பெயராகப் பெரியம்மாவை எழுதி, போன கிழமை மாமாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்திருக்கு. பதில் இன்னும் வரவில்லை.