ரெகுலேட்டரே வேண்டாம்னு சொன்ன நாடு

"அரசாங்கம் ஒதுங்கிக்கிட்டா போதும், மத்ததை போட்டி பார்த்துக்கும்." நம்ம ஊர் பொருளாதார விவாதங்கள்ல இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. சொல்றவங்க யாரும் அப்படி ஒதுங்கின நாடு எதையும் உதாரணம் காட்டுறதில்லை. நான் படிக்க வந்திருக்கிற நியூசிலாந்து, தொலைத்தொடர்புத் துறையில் இதை நிஜமாவே செஞ்சு பார்த்த நாடு. ஒண்ணு ரெண்டு வருஷம் இல்லீங்க, 12 வருஷம்.

1987 வரைக்கும் இங்கே தபால், சேமிப்பு வங்கி, தொலைபேசி மூணும் ஒரே போஸ்ட் ஆபீஸ் கையில். அந்த வருஷம் அதை மூணா உடைச்சாங்க. தொலைபேசிப் பகுதிக்கு டெலிகாம்னு பேரு. 1989 ஏப்ரல்ல யார் வேணும்னாலும் போட்டிக்கு வரலாம்னு கதவைத் திறந்துட்டாங்க. அடுத்த வருஷமே டெலிகாமை அமெரிட்டெக், பெல் அட்லாண்டிக்னு ரெண்டு அமெரிக்க கம்பெனிகளுக்கு 425 கோடி நியூசிலாந்து டாலருக்கு வித்தாச்சு. 35 லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு அது பெரிய தொகை.

தனியா ஒரு ஒழுங்குமுறை ஆணையம் மட்டும் வைக்கலை. வேணும்னேதான் வைக்கலை. எல்லா வியாபாரத்துக்கும் பொதுவா இருக்கிற 1986 வணிகச் சட்டம் போதும், ஆதிக்கத்தைத் தப்பா பயன்படுத்தினா கோர்ட்டுக்குப் போகட்டும்னு விட்டுட்டாங்க. இதுக்கு 'லைட் ஹேண்டட்'னு பேரு வேற. வீட்டு உள்ளூர் அழைப்பு இலவசமா இருக்கணும், வாடகை விலைவாசி ஏற்றத்தைத் தாண்டக் கூடாதுன்னு 'கிவி ஷேர்' மூலமா போட்ட நிபந்தனைகள் மட்டும் மிச்சம்.

காகிதத்தில் பார்த்தா அழகான ஏற்பாடு. கோளாறு எங்கேன்னா, எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போற செம்புக் கம்பி மொத்தமும் டெலிகாமோடது. போட்டிக்கு வந்த கிளியர் கம்யூனிகேஷன்ஸ், தன் வாடிக்கையாளர் டெலிகாம் வாடிக்கையாளரோட பேசணும்னா, அந்தக் கம்பி வழியாத்தான் போயாகணும். அதுக்கு என்ன வாடகை? ரெண்டு பேரும் பேசி ஒத்து வரலை. கோர்ட்டுக்குப் போனாங்க. உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கடைசியா லண்டன்ல இருக்கிற பிரிவி கவுன்சில் (அப்போ இந்த நாட்டுக்குக் கடைசி மேல்முறையீடு அங்கேதான்). 1994-ல பிரிவி கவுன்சில் டெலிகாம் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு.

அந்தத் தீர்ப்பில் ஏத்துக்கிட்ட கணக்குக்கு பாமல்-வில்லிக் விதின்னு பேரு. அதை இப்படி யோசிச்சுப் பாருங்க. ஊருக்கு ஒரே ஒரு பாலம். பாலத்துக்குச் சொந்தக்காரரே பஸ்ஸும் விடுறார். நீங்க புதுசா ஒரு பஸ் விடுறீங்க. பாலத்துத் தேய்மானத்துக்குக் காசு கட்டினா போதாது. உங்க பஸ்ஸில் ஏறின பயணி அவர் பஸ்ஸில் ஏறியிருந்தா அவருக்கு என்ன லாபம் வந்திருக்குமோ, அதையும் சேர்த்துக் கட்டணும். பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இதுக்கு நியாயம் இருக்கு: அவரைவிட மலிவா ஓட்டத் தெரிஞ்சவன் மட்டும்தான் உள்ளே வருவான், அது நல்லதுதானேன்னு. ஆனா அவரோட லாபமே ஏகபோகத்தால வந்த லாபமா இருந்தா? அதுக்கு விலைக் கட்டுப்பாடுன்னு தனி வழி சட்டத்தில் இருக்கு, அரசாங்கம் வேணும்னா அதைப் பயன்படுத்திக்கட்டும்னு பிரிவி கவுன்சில் விட்டுடுச்சு. அரசாங்கமோ ஒதுங்கி நிக்கிறதையே கொள்கையா வச்சிருந்தது. சுத்தி சுத்தி வந்து கம்பிக்காரர் ஜெயிச்சார்.

நீதிபதிகளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நீதிமன்றம் 'இது தப்பா, இல்லையா'ன்னு சொல்லும். 'மாசத்துக்கு இத்தனை டாலர், நாளையிலிருந்து'ன்னு சொல்றது அதோட வேலை இல்லை. இந்தத் துறைக்குத் தேவைப்பட்டது ரெண்டாவதுதான்.

எவ்வளவு லேட்டாகும்ங்கிறதுக்கு 0867 கதை. உள்ளூர் அழைப்பு இலவசம்ங்கிறதால டயல்-அப் இன்டர்நெட்டுக்கு மக்கள் மணிக்கணக்கா லைனைப் பிடிச்சு வச்சிருந்தாங்க. இன்டர்நெட் கம்பெனிகளை கிளியர் தன் நெட்வொர்க்குக்கு இழுத்துடுச்சு. ஒப்பந்தப்படி, அங்கே போய் முடியற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் டெலிகாம்தான் கிளியருக்குக் காசு கட்டணும்! 1999-ல டெலிகாம் 0867-ல ஆரம்பிக்கிற எண்களைக் கொண்டு வந்தது. அதில் போகாம, மாசம் 10 மணி நேரத்துக்கு மேல இன்டர்நெட் பார்த்தா நிமிஷத்துக்கு 2 சென்ட். வணிக ஆணையம் வழக்குப் போட்டது. இறுதித் தீர்ப்பு வந்தது 2010-ல. அதுவும் டெலிகாம் தப்பு பண்ணலைன்னு. தீர்ப்பு வந்தப்போ டயல்-அப்பே கிட்டத்தட்ட செத்துப் போச்சு :-)

2000-ல விசாரணைக் குழு, 2001-ல தொலைத்தொடர்புச் சட்டம், வணிக ஆணையத்துக்குள்ளே ஒரு தொலைத்தொடர்பு ஆணையர். ரெகுலேட்டர் வந்தா எல்லாம் சரியாயிடும்னு நம்புறவங்களுக்கும் ஒரு செய்தி: 2003-ல கம்பியைப் போட்டியாளர்களுக்கு முழுசா திறந்து விட வேண்டாம்னு சிபாரிசு பண்ணினதே அந்த ஆணையர்தான். அரசாங்கம் மனசு மாறினது 2006-ல. பட்ஜெட்டுக்காக வச்சிருந்த அந்த கேபினட் முடிவு முன்கூட்டியே கசிஞ்சு டெலிகாம் கைக்கே போயிட்டதால, மே 3-ம் தேதி அவசர அவசரமா அறிவிச்சாங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் டெலிகாம் தலைமை அதிகாரி தெரசா கேட்டங், வாடிக்கையாளரைக் குழப்புறதைத்தான் இந்தத் துறை முக்கியமான விற்பனை உத்தியா வச்சிருந்ததுன்னு பங்குச்சந்தை ஆய்வாளர்கள்கிட்ட வெளிப்படையா பேசியிருந்தார். அந்தப் பேச்சும் வெளியே வந்து மக்களைக் கடுப்பேத்தினது.

ஆனா உண்மையான திருப்பம் சட்டத்தில் இல்லை, பணத்தில் இருந்தது. நாடு முழுக்க ஃபைபர் போட அரசு காசு தரும், ஆனா வாங்குற கம்பெனி நேரா வாடிக்கையாளருக்கு விக்கக் கூடாதுன்னு நிபந்தனை. டெலிகாம் தானாவே தன்னை ரெண்டா வெட்டிக்கிச்சு. 2011 டிசம்பரிலிருந்து கம்பி எல்லாம் கோரஸ்ங்கிற தனிக் கம்பெனிக்கு, விற்பனை பழைய டெலிகாமுக்கு (2014-லிருந்து அது ஸ்பார்க்). கோரஸுக்கு அரசுப் பணம் சுமார் 93 கோடி டாலர். 20 வருஷ கோர்ட்டு வழக்கால ஆகாதது இதால ஆச்சு. பாலத்துக்காரர் பஸ் ஓட்டுறதை விட்டுட்டார்னா எல்லா பஸ்ஸும் அவருக்கு ஒண்ணுதான். இன்னிக்கு அதே ஃபைபர்ல, மின்சாரம் விக்கிற கம்பெனிகள்கூட பிராட்பேண்ட் விக்குது. 2022 முடிவில் 87 சதவீத மக்கள் வாழற இடங்களுக்கு ஃபைபர் போயாச்சு.

ஏகபோகம் ஒழிஞ்சுதான்னா, இல்லை. பெரும்பாலான ஊர்ல கோரஸ்தான் ஒரே கம்பிக்காரர். வித்தியாசம் என்னன்னா, 2022-லிருந்து ஃபைபர்ல அது வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கலாம்ங்கிற உச்சவரம்பை ஆணையம் முடிவு பண்ணுது. அந்த ஆணையத்தை நிம்மதியா வேலை செய்ய விட்டாங்களான்னா அதுவும் இல்லை. 2013-ல செம்புக் கம்பி பிராட்பேண்டுக்கான மொத்த விலையில் ஒரு பகுதியை மாசத்துக்கு 21.46 டாலரிலிருந்து 10.92-க்கு ஆணையம் குறைச்சப்போ, கோரஸ் திவாலாயிடும்னு பிரதமரே கவலைப்பட்டார். சட்டம் போட்டு அந்த முடிவை மாத்தப் பார்த்தாங்க. ஆதரவு தர்ற சின்னக் கட்சிகள் ஒத்துக்காததால அது நடக்கலை. (மறுகணக்கீட்டில் விலை கொஞ்சம் ஏறினது வேற கதை.)

நம்ம நாட்டுல டிராய் 1997-லேயே வந்தாச்சு, இவங்களுக்கு முன்னாடி. ஆனா லைசென்ஸ் விஷயத்தில் அது சிபாரிசுதான் பண்ணலாம், முடிவு தொலைத்தொடர்புத் துறையோடது. 2023 சட்டத்திலும் அது மாறலை. மொபைல் கட்டணத்தைக் கம்பெனிகளே வச்சுக்கட்டும்னு டிராய் ரொம்ப வருஷமா ஒதுங்கி நிக்குது. ஒரு வட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கம்பெனி அடிச்சுக்கிட்டப்போ அது சரியான முடிவுதான். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி மூணும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏத்தினப்போ அப்படி ஒரு கூட்டம் இல்லை. இருந்தது இந்த மூணும், பிஎஸ்என்எல்லும்தான்.

செம்புக் கம்பியும் அலைக்கற்றையும் ஒண்ணு இல்லைதான். விலையை டெல்லியில் உட்கார்ந்து நிர்ணயிக்கணும்னும் நான் கேட்கலை. மூணு ரெண்டாகிற நாள்ல கணக்கைக் கேட்டு வாங்கவும், மறுத்தா உத்தரவு போடவும், அமைச்சகத்தைக் கேட்காம அதை அமல்படுத்தவும் டிராய்க்கு அதிகாரம் இப்பவே எழுதி வச்சிருக்கணும்னு கேட்கறேன். தேவை வந்தப்புறம் எழுத ஆரம்பிச்சு முடிக்க நியூசிலாந்துக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு மேலே இருக்கு.