வாங்கிச் சேர்த்த விளையாட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேம் பிரியர்கள் ஆடி முடிக்காத விளையாட்டுகளை மேன்மேலும் வாங்கிச் சேர்ப்பதை வெறும் பேராசை என்று கண்டிப்போர், 2023 மார்ச் 27 அன்று நிண்டெண்டோ நிறுவனம் தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணைய அங்காடியில் விற்பனையை நிறுத்தியபோது, வட்டாகவோ அட்டையாகவோ ஒருபோதும் வெளிவராத எத்தனையோ விளையாட்டுகள் நியாயமான கிரயம் கொடுத்தாலும் கிட்டாத வஸ்துக்களாகிவிட்டன என்பதைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறேன். மறையக்கூடியதை முன்னதாக வாங்கி வைப்பது, ஆடுவதற்கு அவகாசம் எப்போது வாய்த்தாலும், விவேகமான காரியமே. ஆனால் ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டு இணைய அங்காடியின் கோடைகாலத் தள்ளுபடியில், எங்கும் மறையப்போகாத பிரசித்தமான விளையாட்டுகளை, விலை குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கிக் குவிப்பதை என்னால் ஆதரிக்க இயலவில்லை. அவை பெரும்பாலும் அடுத்த ஆண்டு இன்னும் மலிவாகவே கிடைக்கும். எது மறையக்கூடியது என்பதை வாசகர் அறியும்படி, தங்கள் விமர்சனப் பகுதியில் ஒவ்வொரு விளையாட்டும் வட்டாகவோ அட்டையாகவோ கிடைக்கிறதா என்பதையும் தயைகூர்ந்து குறிப்பிட வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்