கடைசிக் கோட்டில் கை வைக்காதீர்கள்!



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழைய கட்டிலுக்குப் பெயிண்ட் அடித்த படம் வந்தது. "மேல கிளியர் கோட் அடிக்கணும்னு பெயிண்டர் தனியா காசு கேட்டார். வேண்டாம்னுட்டோம்" என்ற பெருமையும் கூடவே. எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை.

சில வருடங்களுக்கு முன் நானும் இதே சாமர்த்தியத்தைக் காட்டியவள்தான். அப்பாவின் மேசைக்கு, சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷனை எடுத்துக் கொடுத்தேன். "டீச்சர், இது சுவத்துப் பெயிண்ட். மேல கிளியர் அடிக்காட்டி நிக்காது" என்றார் பெயிண்டர். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். காசு பறிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் காபி டம்ளர் வைத்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகப் பெயர்ந்தது. பாக்கி வைத்திருந்த 500 ரூபாய்க் கூலியை, "வேலை சுத்தமில்லை" என்று சொல்லித் தராமல் விட்டேன்.

சுவரில் யாராவது சூடான டம்ளர் வைக்கிறோமா? முழங்கை ஊன்றுகிறோமா? மேசை அதையெல்லாம் தினமும் தாங்க வேண்டும். அந்தத் தேய்மானத்தை வாங்கிக்கொள்ளத்தான் மேல்பூச்சு.

எல்லாவற்றுக்கும் வேண்டும் என்று சொல்லவில்லை. பளபளப்பான எனாமல் தானே கெட்டிப்படும். எமல்ஷன், சாக் பெயிண்ட் அடித்த சாமான்களுக்குக் கட்டாயம் வேண்டும். வெள்ளை நிறத்தின்மேல் எண்ணெய் வார்னிஷ் அடித்தால் நாளடைவில் மஞ்சளிக்கும். தண்ணீரில் கலக்கும் பாலியூரித்தேன் கேளுங்கள். பெயிண்ட் நன்றாகக் காய்ந்தபின் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, மெல்லிசாக இரண்டு மூன்று கோட். டப்பாவைக் குலுக்கினால் குமிழி வரும், கிளறுங்கள். மழை நாளில் வேண்டாம். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூன்று நான்கு வாரம் சூடான பாத்திரம் வைக்காதீர்கள்.

"உரிஞ்சா திரும்ப அடிச்சுக்கலாம்" என்கிறீர்கள். சுரண்டுவது, பட்டி பார்ப்பது, தேய்ப்பது என்று எல்லாக் கூலியும் மறுபடி முதலிலிருந்து. இதில் மிச்சம் எங்கே?

போன மாதம் அதே தம்பியை அழைத்து, மேசையை அவர் சொன்னபடியே செய்யச் சொன்னேன். பழைய 500 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்து, "தப்பு என்னுடையதுப்பா" என்றேன். சரியான விடை எழுதிய பிள்ளைக்குச் சுழி போட்டவள் நான். அந்தக் கணக்கு 500 ரூபாயில் தீராது.

கட்டில்காரர்களே, பெயிண்ட் இன்னும் புதுசாகத்தான் இருக்கிறது. நாளைக்கே அந்தப் பெயிண்டருக்குப் போன் போடுங்கள்.