டேங்க் மூடி திறக்கலையா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைங்க!

இந்த வாரக் கேள்வி மதுரையிலிருந்து வந்திருக்கிறது. வாசகர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். டாஷ்போர்டில் இருக்கும் பட்டனை அழுத்தினால் பெட்ரோல் டேங்கின் வெளி மூடி திறக்க வேண்டும். ஒரு மாதமாக அது சில நேரம் திறந்தது, சில நேரம் மக்கர் பண்ணியது. இப்போது சுத்தமாகத் திறக்கவில்லை. டேங்கில் கால்வாசிதான் பெட்ரோல் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிவிடலாமா என்று கேட்கிறார்.

ஒரு வரியில் பதில்: நெம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் இதற்கென்றே ஒரு ரகசிய வழி வைத்திருக்கிறார்கள். அது எங்கே என்று பார்ப்பதற்கு முன், கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்போம்.

ஸ்போர்ட்ஸ் கார் ஓனருக்கு மட்டுமான விஷயம் என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். சென்ட்ரல் லாக்கோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும் டேங்க் மூடி இன்று சாதாரண குடும்பக் கார்களிலும் வந்துவிட்டது. லீவர் இழுக்கும் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை?

நடுவழியில் பெட்ரோல் தீர்ந்தால் நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். யாரையாவது போனில் கூப்பிட்டு, கேனில் பெட்ரோல் கொண்டுவரச் சொல்வோம். மூடியே திறக்காத காருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. கேன் கையில் இருக்கும், ஊற்ற இடம் இருக்காது. அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும் சாலையில், மத்தியான வெயிலில், பின் சீட்டில் குழந்தைகளோடு அப்படி நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. இன்றைய பெட்ரோல் கார்களில் ஃப்யூவல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே இருக்கிறது. அதைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான் அதைச் சூடாகாமல் காக்கிறது. டேங்கைக் கடைசிச் சொட்டு வரை ஓட்டிப் பழகினால் பம்பும் போகும். எனவே மூடி மக்கர் பண்ண ஆரம்பித்த அன்றே கவனிக்க வேண்டும். பெட்ரோல் விளக்கு எரியும் வரை காத்திருக்கக் கூடாது.

உங்கள் கார் எந்த வகை?

டேங்கின் வெளி மூடி திறக்கும் விதம் பொதுவாக மூன்று.

முதல் வகை, டிரைவர் சீட் பக்கத்தில் இருக்கும் லீவர். அதை இழுத்தால் ஒரு ஸ்டீல் கேபிள் மூடியின் கொக்கியை விடுவிக்கும். இதில் கரண்டுக்கு வேலையே இல்லை.

இரண்டாவது, சென்ட்ரல் லாக்கோடு இணைந்தது. காரை அன்லாக் செய்துவிட்டு மூடியை விரலால் ஒருமுறை அழுத்தினால் அது வெளியே வரும். காரை லாக் செய்தால் ஒரு சின்ன மோட்டார், பின் ஒன்றைத் தள்ளி மூடியைப் பூட்டிவிடும்.

மூன்றாவது, பட்டன். அழுத்தியதும் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கரண்ட் ஃப்யூஸ், ஸ்விட்ச், ஒயர் வழியாக மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் சோலனாய்டுக்குப் போகும். சோலனாய்டு என்பது செம்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள். கரண்ட் வந்தால் காந்தமாகி, நடுவில் இருக்கும் இரும்புப் பின்னை உள்ளே இழுத்துக்கொள்ளும். பின் விலகியதும் ஸ்பிரிங் மூடியைத் தள்ளும். நம் வாசகரின் கார் இந்த வகைதான்.

முதல் டெஸ்ட்: காதைத் தீட்டுங்கள்

செலவில்லாத டெஸ்ட் இது. வீட்டில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, அவரை உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே மூடிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறதா?

சத்தம் வந்தால் சந்தோஷப்படுங்கள். கரண்ட் ஒழுங்காக வருகிறது, பின்தான் சிக்கியிருக்கிறது. உள்ளங்கையால் மூடியை லேசாக உள்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு கையை எடுங்கள். பின் மேல் இருந்த பாரம் குறைவதால் பல நேரம் மூடி உடனே திறந்துவிடும். கதவு இறுகினால் ஒரு கையால் இழுத்துப் பிடித்துத் தாழ்ப்பாளைத் தள்ளுவோமே, அதே டெக்னிக்.

இப்படிச் சிக்குவதற்கு முக்கியக் காரணம் புழுதி. திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் மண் சாலையில் ஒரு வாரம் ஓடிய காரின் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே ஓரமெல்லாம் மண் படிந்திருக்கும். அந்தக் குழியின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்ன ஓட்டை இருக்கும். மண் அதை அடைத்தால், வாட்டர் வாஷ் செய்யும்போது அடிக்கும் தண்ணீரும் ஐப்பசி மழைத் தண்ணீரும் அங்கேயே தேங்கும். பின் துருப்பிடிக்கும். மூடி மக்கர் பண்ணும்.

சத்தமே இல்லையா?

அப்படியானால் கரண்ட் சமாச்சாரம். இந்த வரிசையில் பாருங்கள்.

1. கார் முழுசாக அன்லாக் ஆகியிருக்கிறதா? பல மாடல்களில் கதவு லாக்கில் இருந்தால் டேங்க் மூடியும் திறக்காது. சாவியிலேயே ஒருமுறை லாக் செய்து, அன்லாக் செய்து பாருங்கள்.

2. டிக்கியைத் திறக்கும் பட்டன், சென்ட்ரல் லாக் எல்லாம் வேலை செய்கின்றனவா? அவையும் செத்திருந்தால் பேட்டரி வீக் ஆகியிருக்கலாம், அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவான ஃப்யூஸ் போயிருக்கலாம். பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். இன்ஜின் ஆஃபில் ஓய்வாக இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் பிரச்னை பேட்டரியில்தான்.

3. ஃப்யூஸ். எந்த ஃப்யூஸ் எதற்கு என்பது ஃப்யூஸ் பாக்ஸின் மூடியிலோ காரோடு தந்த கையேட்டிலோ இருக்கும். ஃப்யூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். நிறத்தை வைத்தே அடையாளம் காணலாம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளைப் போட்டால் ஃப்யூஸ் தப்பிக்கும், ஒயர் எரியும். புது ஃப்யூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதற்குமேல் நீங்கள் தொட வேண்டாம்.

4. ஒயர். சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது என்றாரே வாசகர், அந்த அறிகுறிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயரையும் கனெக்டரையும்தான். டோர் அல்லது டிக்கி கதவின் கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் ஒயர்கள் போகும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவை மடங்கும். வருடக்கணக்கில் மடங்கினால் உள்ளே கம்பி அறுந்து, தோல் மட்டும் முழுசாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

5. கடைசியாக சோலனாய்டு. இது ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை. சோலனாய்டின் கனெக்டரைக் கழற்றி, ஒருவர் பட்டனை அழுத்தும்போது அங்கே 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் ஸ்விட்ச், ஃப்யூஸ், ஒயர் எல்லாம் நலம், சோலனாய்டுதான் போயிருக்கிறது. வராவிட்டால் சோலனாய்டை மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

இந்த வரிசை ஏன் முக்கியம் தெரியுமா? முதல் நான்கில் கோளாறு இருந்தும், நேரே ஐந்தாவதுக்குப் போய் முழு செட்டையும் மாற்றச் சொன்னால் காசு தண்டம். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பார்ட்ஸ் வரும் வரை காத்திருக்கவும் வேண்டும். 'அந்த இடத்தில் வோல்ட் பார்த்தீர்களா?' என்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு கேள்வி கேளுங்கள். பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

அந்த ரகசிய வழி

இப்போது பெட்ரோல் போட்டே ஆக வேண்டும், ரிப்பேர் பிறகுதான் என்றால்? அதற்குத்தான் எமர்ஜென்சி கயிறு.

முதலில் டாஷ்போர்டில் பெட்ரோல் முள் பக்கத்தில் இருக்கும் பங்க் படத்தைப் பாருங்கள். பல கார்களில் அதன் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கம்தான் டேங்க் மூடி. டிக்கியைத் திறந்து, அதே பக்கச் சுவரின் உள் கவரை விலக்கிப் பாருங்கள். கயிறோ, வளையமோ, பிளாஸ்டிக் குமிழோ தொங்கும். மெதுவாக, நேராக இழுத்தால் பின் கையாலேயே விலகும். கரண்ட் தேவையில்லை.

நம் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்கள் அசெம்பிள் ஆகின்றன. அந்த நிறுவனத்தின் 3 சீரிஸ் போன்ற கார்களில் டிக்கியின் வலது பக்கக் கவருக்குப் பின்னால் இந்த வசதி உண்டு. போர்ஷே 911-ல் கதை வேறு. இன்ஜின் பின்னால், டேங்க் முன்னால். அதனால் மூடியும் முன்பக்கம், சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. அதன் பல மாடல்களில் எமர்ஜென்சி கயிறும் டிக்கியில் இல்லாமல், முன் கதவைத் திறந்தால் தெரியும் இடைவெளியில் இருக்கும். எனவே கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

கயிறு ஆபத்துக்கு மட்டும்தான். வாராவாரம் அதைப் பிடித்து இழுத்தால் அதுவும் அறுந்து கையோடு வந்துவிடும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

* நெம்பாதீர்கள். பெயின்ட் போகும், கீல் வளையும், நல்ல பின்னும் உடையும். ஃப்யூஸ் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை டிங்கரிங், பெயின்டிங் என்று நீளும்.

* பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்காதீர்கள். சோலனாய்டு ஒரு நொடி வேலைக்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து கரண்ட் போனால் சுருள் சூடாகிக் கருகும்.

* பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, மூடிக்குப் பக்கத்திலேயே சோலனாய்டை டெஸ்ட் செய்யாதீர்கள். ஒயர் தொடும் இடத்தில் பொறி வரும். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்க மதுரை வெயில் கூடத் தேவையில்லை, பனி உறையும் குளிரிலும் பிடிக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். சோலனாய்டைக் கழற்றித் தள்ளி எடுத்துப்போய்த்தான் டெஸ்ட் செய்ய வேண்டும்.

* பங்க்கில் வைத்து எந்த ரிப்பேரும் வேண்டாம்.

சரியான பிறகு

மூடியின் உள்குழியைத் துணியால் துடைத்து, வடிகால் ஓட்டையை மண் இல்லாமல் வையுங்கள். துடைக்கும்போது உள் மூடி இறுக்கமாக மூடியிருக்கட்டும். பின்னுக்கும் கீலுக்கும் கொஞ்சம் சிலிகான் ஸ்பிரே போதும். கிரீஸை அப்பினால் அதுவே புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் பைப்பை அந்த மூடியின் இடுக்கில் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பின்னைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். உள் மூடிக்குத் தனிச் சாவி இருந்தால் சில நாளைக்குச் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் டேங்க் ஊருக்கே பொது.

மதுரை வாசகருக்குக் கடைசியாக ஒன்று. கால் டேங்க் இருப்பதால் உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. இன்றைக்கே டிக்கி கவரை விலக்கிக் கயிறு எங்கே என்று பாருங்கள். மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை கார் துடைக்கும்போது தேடிவையுங்கள். காரை ஓட்டும் அண்ணன், தங்கை, மனைவி, கணவர் என்று வீட்டில் எல்லோருக்கும் அதைக் காட்டிவிடுங்கள்.