வண்டி நின்றாலும் பெட்ரோல் போகுது: பிஎஸ்-6 விதி பிடிப்பது எது, விடுவது எது?

பொல்யூஷன் என்றதும் நம் கண் போவது சைலன்சருக்குத்தான். பியூசி சான்றிதழ் எடுக்கப் போனாலும் அங்கேதான் குழாயைச் செருகிப் பார்க்கிறார்கள். ஆனால் பெட்ரோல் வண்டியில் புகை போகாத இன்னொரு வாசல் உண்டு: டேங்க். இன்ஜினை அணைத்துவிட்டு நீங்கள் லிஃப்ட் ஏறிய பிறகும் அந்த வழியாக ஆவி வெளியேறலாம். அதைப் பிடித்துவைக்கத்தான் உங்கள் பிஎஸ்-6 வண்டியில் கரி நிரப்பிய ஒரு சின்ன டப்பா இருக்கிறது. 'இதைக் கழற்றிடுங்க, மைலேஜ் கூடும்' என்று யூடியூபில் சிலர் சொல்வதும் இதே டப்பாவைத்தான்.

இது என்ன செய்கிறது? இந்திய விதி எங்கே நின்றுபோகிறது? வாங்க, பார்க்கலாம்.

ஆவி ஏன் வெளியே வருது?

பெட்ரோல் ஆவியாக அடுப்பு வேண்டாம், சாதாரண வெப்பமே போதும். வெயில் ஏற ஏற டேங்குக்குள் ஆவி பெருகி அழுத்தம் கூடும். எரிபொருள் குறையும்போது உள்ளே காற்று போகவும் வழி வேண்டும். அதனால் எந்த டேங்குக்கும் மூச்சு விட ஒரு துளை தேவை. பழைய பைக்குகளில் அது டேங்க் மூடியிலேயே இருந்தது. ஆவி நேராகத் தெருவுக்கு வந்துவிடும்.

வெயிலில் நிற்கும்போது வருவது ஒரு வகை. ஓட்டி நிறுத்தியதும் இன்ஜின் சூட்டில் வருவது இன்னொன்று. ரப்பர் ஹோஸ், பிளாஸ்டிக் டேங்க் சுவர் வழியே மெல்லக் கசிவது மூன்றாவது. பங்கில் பெட்ரோல் போடும்போது வருவது நான்காவது.

இதனால் என்ன?

இரண்டு சிக்கல். முதலாவது, பென்சீன். இந்தியப் பெட்ரோலில் கன அளவில் 1 சதவீதம் வரை இது இருக்கலாம். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வைத்திருக்கிறது. நீங்கள் பங்கில் மூன்று நிமிடம் நிற்கிறீர்கள். நாஸில் பிடிப்பவர் ஷிஃப்ட் முழுக்க நிற்கிறார்.

இரண்டாவது, ஓசோன். பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாக மாறுகின்றன. இது நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. கண்ணுக்குத் தெரியாது, அதனால் குளிர்காலப் புகைமூட்டம் போலத் தலைப்புச் செய்தியும் ஆவதில்லை.

கரி டப்பா எப்படி வேலை செய்யுது?

டேங்கிலிருந்து வரும் ஆவி கேனிஸ்டர் என்ற இந்த டப்பாவுக்குள் போகும். அதிலுள்ள ஆக்டிவேட்டட் கார்பன், ஆவியைத் தன் நுண்துளைகளில் ஒட்டவைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும். வெளிக்காற்று கரி வழியாக இழுக்கப்பட்டு, ஒட்டியிருந்த ஆவியை இன்ஜினுக்குள் கொண்டுபோய் எரிக்கும். கரி மறுபடி காலி, அடுத்த சுற்றுக்குத் தயார்.

அதாவது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலைத்தான் அது திருப்பித் தருகிறது. கழற்றினால் மைலேஜ் கூட வழியில்லை. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் பெட்ரோல் வாடைதான் கூடும்.

விதி என்ன சொல்லுது?

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிப்படி, மூடிய அறைக்குள் வண்டியை நிறுத்தி நடத்தும் சோதனையில் கார் 2 கிராமுக்கு மேலும், இருசக்கர வாகனம் 1.5 கிராமுக்கு மேலும் ஆவி விடக் கூடாது. கேட்க நல்ல கட்டுப்பாடுதான். ஓட்டைகள் எங்கே?

ஒன்று, நேரம். கார் சோதனை ஒரு பகல்-இரவு சுற்றை, அதாவது 24 மணி நேரத்தை மட்டுமே பார்க்கிறது. வெப்பம் 20 முதல் 35 டிகிரி வரை. வெள்ளி மாலை நிறுத்தி திங்கள் காலை எடுக்கும் காரும், 40 டிகிரி மே மாதமும் இந்தக் கணக்கில் இல்லை. ஐரோப்பா 2019-ல் 48 மணி நேரத்துக்கு மாறியது. சீனாவின் 6-ஆம் கட்ட விதியிலும் 48 மணி நேரம்தான், வரம்பு 0.7 கிராம்.

இரண்டு, பங்க். டேங்கில் ஒரு லிட்டர் பெட்ரோல் இறங்கினால், உள்ளே இருந்த ஒரு லிட்டர் ஆவி கலந்த காற்று வெளியே தள்ளப்படும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் ஆவி போகும். 30 லிட்டர் போட்டால் 30 கிராமுக்கு மேல். சோதனை அறையில் 2 கிராமுக்குக் கணக்குப் பார்க்கும் விதி, இதைத் தொடுவதே இல்லை.

மூன்று, வயது. பியூசி சோதனை சைலன்சர் புகையை மட்டும் அளக்கிறது. ஹோஸ் வெடித்திருந்தாலும், கேனிஸ்டரே இல்லாவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கும்.

தீர்வு காரிலா, பங்கிலா?

அமெரிக்கா 1998 மாடல் கார்களில் தொடங்கி, பெட்ரோல் போடும்போது வரும் ஆவியையும் காரின் கேனிஸ்டரே பிடிக்கும் ஓஆர்விஆர் முறையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. சீனாவும் அதே வழியில் போனது. இந்தியாவில் பிஎஸ்-6 இதைக் கேட்கவில்லை. இங்கே பொறுப்பு பங்குகள் மேல் விழுந்தது: நாஸிலிலேயே ஆவியை உறிஞ்சி நிலத்தடித் தொட்டிக்கு அனுப்பும் கருவி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதிய பங்குகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. சென்னையில் உள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் எழுந்த வழக்கு 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

இரண்டுக்கும் வரம்பு உண்டு. பங்கில் வைக்கும் கருவி பழைய வண்டிக்கும் உடனே பலன் தரும். ஆனால் தினமும் யாராவது பராமரிக்க வேண்டும். பைக் டேங்கின் அகன்ற வாயில் நாஸில் பொருந்தி உட்காராது. ஓஆர்விஆர் வண்டியோடு பிறந்து வண்டியோடு இருக்கும், யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய கார்கள் மாற ஆண்டுகள் ஆகும், பைக்குகளுக்கு அது பொருந்தாது. நாட்டின் வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று இருசக்கரம் என்பதால், இந்தியாவுக்கு 'இதுவா அதுவா' என்று தேர்வு செய்யும் வசதி இல்லை. பங்கில் கருவி இப்போதே ஓட வேண்டும், அடுத்த கார் விதியில் ஓஆர்விஆர் இடம்பெற வேண்டும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தத் தேவையைக் கூட்டுகிறது. கலவையின் ஆவி அழுத்தத்தை எத்தனால் உயர்த்தும், ஹோஸ் வழிக் கசிவையும் அதிகப்படுத்தும்.

நீங்க என்ன செய்யலாம்?

ஆட்டோ-கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். 'ரவுண்டா போட்டுடுங்க' என்றால் திரவப் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போகலாம். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது, சில நேரம் வண்டி ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிக்கும். டேங்க் மூடியை கிளிக் சத்தம் வரும் வரை திருகுங்கள். நிறுத்திய வண்டியில் பெட்ரோல் வாடை வந்தால், சர்வீஸில் மூடியின் ரப்பர், ஹோஸ், கேனிஸ்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த யூடியூப் வீடியோவைப் பார்த்து கேனிஸ்டரை ஏற்கெனவே கழற்றியிருந்தால், திரும்ப மாட்டிவிடுங்கள்.