‘கண்டுக்காதே’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்

கொடைக்கானலிலிருந்து மேல்மலைக்குப் போகும் சாயங்காலப் பேருந்தில், பள்ளிவிட்டுத் திரும்பும் பிள்ளைகளோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று வளைந்து வளைந்து போகும் வண்டி. முன்னால் சந்தைக்கு வந்து திரும்பும் பெண்களும் சாக்கு மூட்டைகளும். பின்சீட்டு பெரிய வகுப்புப் பையன்களுக்கு. நடுவில் ஒரு பையன் சன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருப்பான். பின்னாலிருந்து “ஏய் பூண்டு!” என்று ஒரு குரல். சிரிப்பு. “சன்னலைத் திறங்கடா, நாறுது” என்று இன்னொரு குரல். இன்னும் பெரிய சிரிப்பு. அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். பனி படிந்த கண்ணாடியில் விரலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பான். நடத்துநர் கணக்குத் தாளில் குனிந்திருப்பார். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அந்தப் பையன் வரி பிசகாமல் செய்துகொண்டிருக்கிறான். கண்டுகொள்ளாமல் இருக்கிறான். ஊர் வந்து இறங்கும்வரை கண்டுகொள்ளாமல் இருக்கிறான். மறுநாள் காலையிலும்.

“கண்டுக்காத, தானா அடங்கிடுவாய்ங்க.” பழனி மலையில் தாண்டிக்குடி முதல் கிளாவரை வரை எந்த வீட்டிலும், எந்த ஆசிரியர் அறையிலும் இந்த ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. அம்மா சொல்கிறார், தாத்தா சொல்கிறார், வகுப்பாசிரியர் சொல்கிறார், விடுதிக் காப்பாளர் சொல்கிறார். எல்லாரும் பிள்ளைமேல் பிரியம் உள்ளவர்கள். அதனால்தான் இதை எதிர்த்து எழுதவேண்டியிருக்கிறது. வேண்டாதவர்கள் சொல்லியிருந்தால் பிள்ளைகள் காதில் வாங்கியிருக்கமாட்டார்கள். நம்முடையவர்கள் சொல்வதால் நம்புகிறார்கள், அதன்படி நடக்கிறார்கள், உள்ளுக்குள் உடைந்துபோகிறார்கள். இந்த அறிவுரையில் பாதி சரி, பாதி தவறு என்று நான் சொல்லமாட்டேன். முழுக்கத் தவறு.

பூண்டு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மலையில் விளையும் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. சுற்றுலா வருபவர்கள் தேடி வாங்கிப் போகிறார்கள். அறுத்த பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் புகைமூட்டம் போடுகிற வீட்டில், அந்த வாசம் பள்ளிச் சீருடையிலும் ஏறத்தான் செய்யும். ஊருக்கே பெருமையான பயிர்தான் ஒரு பையனுக்கு வசவாகிறது. பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து படிக்க வரும் பிள்ளைக்கு வேறு பெயர், திக்கித் திக்கிப் பேசும் பிள்ளைக்கு வேறு பெயர். எந்தப் பெயரும் அந்தப் பிள்ளை செய்த எதற்காகவும் வந்ததில்லை. பிறந்த வீடு, பேசும் விதம், உடம்பின் நிறம் என்று மாற்றிக்கொள்ள முடியாததைப் பார்த்துத்தான் குறி வைக்கிறார்கள்.

சண்டை வேறு, இது வேறு என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டு பையன்கள் கிரிக்கெட் மட்டைக்கு அடித்துக்கொண்டால் சாயங்காலத்துக்குள் சேர்ந்துவிடுவார்கள். அங்கே பெரியவர்கள் தலையிடாமல் இருப்பதே நல்லது. ஆனால் எல்லாமே அப்படிச் சேர்ந்து முடிவதில்லை. 1982 கடைசியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள், கூடப் படித்தவர்களின் கொடுமை தாங்காமல் உயிரை விட்டார்கள். மறு ஆண்டே அந்த நாடு பள்ளிகள்தோறும் இயக்கம் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே இந்தக் கொடுமையை ஆராய்ந்துவந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க வலுவில்லாதவனிடம் செய்வது. மூன்றும் சேர்ந்திருந்தால் அது சண்டை அல்ல. வலுவில்லாதவனைப் பார்த்து ‘நீயே சமாளி’ என்பதுதான் நம் அறிவுரையின் பொருள்.

நம் பக்கத்துப் பேச்சில் இதற்குச் சொல்லே சரியாக இல்லை. கலாய்க்கிறது, ஓட்டுறது, வம்பிழுக்கிறது என்போம். தோழன் தோழனைச் செய்வதும் அதே சொல்தான், ஒருவனை நாற்பது பேர் சேர்ந்து நசுக்குவதும் அதே சொல்தான். இலங்கைத் தமிழர்கள் ராகிங்குக்குப் ‘பகடிவதை’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ் மாணவர் அதற்குப் பலியானார்; 1998இல் இலங்கையில் தடைச் சட்டம் வந்தது. பகடியும் வதையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. செய்பவனுக்குப் பகடி, படுகிறவனுக்கு வதை. இந்தச் சொல் நம் பள்ளிகளுக்கும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கண்டுகொள்ளாமல் இருந்தால் ஏன் அடங்குவதில்லை? பின்சீட்டுப் பையன் சன்னலோரப் பையனுக்காகப் பேசவில்லை. பின்சீட்டுக்காகப் பேசுகிறான். அவனுக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு. சன்னலோரத்துப் பையன் அழுதாலும் சிரிப்பு வரும், கல்லாக உட்கார்ந்திருந்தாலும் ‘பாருடா, சொரணையே இல்ல’ என்று சிரிப்பு வரும். கனடாவில் டொராண்டோ பள்ளி மைதானங்களில் பிள்ளைகளைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது. கூட நின்ற பிள்ளைகளில் ஒருவர் குறுக்கே வந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்து நொடிக்குள் கொடுமை நின்றிருக்கிறது. பத்து நொடி! பூம்பாறை வளைவில் பேருந்து திரும்பும் நேரம்கூட இல்லை. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவாலி உருவாக்கிய ‘கிவா’ என்ற பள்ளித் திட்டமும் கூட நிற்பவர்களின் பங்கை வைத்துத்தான் எழுந்தது. கூடச் சிரிப்பவர்களையும் சும்மா பார்ப்பவர்களையும் மாற்றினால், செய்கிறவனுக்கு மேடை போய்விடும். நாமோ மேடையை அப்படியே விட்டுவிட்டு, அடி வாங்குகிறவனிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்கிறோம்.

நானும் சொல்லியிருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன், மலையில் ஒரு பள்ளியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை, நிலைப்படியில் ஒரு கால், வராந்தாவில் ஒரு கால். “சார், பூண்டுன்னு சொல்றாய்ங்க சார். பஸ்ஸுல பையத் தூக்கி வெளிய போட்டாய்ங்க” என்றான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தேன். “கண்டுக்காதடா, விளையாட்டுக்குச் சொல்றாங்க. நீ பதில் பேசாம இரு, விட்டுருவாங்க” என்றேன். “சரி சார்” என்று போய்விட்டான். பிறகு ஒருநாளும் அவன் என்னிடம் எதையும் சொல்ல வரவில்லை. அடங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் பெயருக்கு நேரே வருகைப் பதிவு காலியாக இருந்தது. விசாரித்தால், ‘படிப்பு ஏறல, காட்டு வேலைக்கு வந்துட்டான்’ என்றார்கள் வீட்டில். அவனுக்குப் படிப்பு ஏறியது. அவன் விடைத்தாளைத் திருத்தியவன் நான்.

கண்டுக்காதே என்று நான் சொன்னது, இனிமேல் என்னிடம் சொல்லாதே என்று அவன் காதில் விழுந்திருக்கிறது.

அப்போதாவது கொடுமை பேருந்தோடு இறங்கிவிட்டது. வீட்டுக் கதவைச் சாத்தினால் அம்மாவும் அடுப்பும்தான். இப்போது கைபேசி வந்துவிட்டது. கொரோனா காலத்தில் பாடத்துக்காக வாங்கிக்கொடுத்தோம். சிக்னலுக்காக மேட்டில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். இன்று வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, ஆசிரியர் இல்லாத இன்னொரு குழு. பேருந்தில் தூங்கி வழிந்தவனைப் படம்பிடித்து ஸ்டிக்கராக்கி இரவு பத்து மணிக்கு அனுப்புகிறார்கள். போர்வைக்குள் அவன் அதைப் பார்க்கிறான். யார் யார் பார்த்தார்கள், யார் சிரிக்கும் பொம்மை போட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறான். ‘கண்டுக்காதே’ என்பதற்கு இங்கே என்ன பொருள்? அவன் பார்க்காவிட்டாலும் வகுப்பே பார்த்துவிட்டது.

இதில் இன்னொரு தவறான வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. விஷயம் தெரிந்ததும் வீட்டில் முதலில் செய்வது போனைப் பிடுங்குவது. தப்பு செய்தவன் கையில் போன் இருக்கிறது, அடிபட்டவன் கையில் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். ‘நீ என்ன செஞ்ச, உன் போட்டோ அவன்கிட்ட எப்படிப் போச்சு’ என்று விசாரணை அவள்மீதே திரும்புகிறது. 2016 ஜூனில் சேலம் அருகே 21 வயதுப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி முகநூலில் போட்டார்கள். தந்தை காவல் நிலையத்தில் புகார் கொடுத்தும் படம் நீங்கவில்லை. சில நாளில் அந்தப் பெண் உயிரோடு இல்லை. பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை எழுதிவைத்துவிட்டுப் போனாள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பிறகு மன்னிப்புக் கேட்டார். படம் போட்டவன் குற்றவாளி. ஆனால் அந்தச் சில நாட்களில் ‘உன்னை நம்புறோம்’ என்று சொல்லவேண்டியவர்கள் அவளைச் சுற்றி இருந்தவர்கள்தானே.

இந்த இடத்தில் ஒருவர் நாங்குநேரியைக் காட்டி என்னை மடக்கலாம். 2023 ஆகஸ்டில் அங்கே சாதி வெறியோடு சக மாணவர்கள் தொல்லை கொடுத்ததால், பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் பள்ளிக்குப் போகாமல் நின்றார். ஆசிரியர்கள் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். இரவில் வீடு புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். ‘பார்த்தீர்களா, சொன்னதால்தானே வெட்டு விழுந்தது’ என்பார்கள். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். அந்த மாணவர் சொல்வதற்கு முன் எத்தனை நாள் கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்தார்! அந்த நாட்களில்தான் எதிரே இருந்தவர்களுக்கு ‘நம்மை யாரும் கேட்கமாட்டார்கள்’ என்ற துணிச்சல் ஊறியது. கடைசியில் அவர் பேசியபோது புகார் மட்டும் போனது, காவல் கூடப் போகவில்லை. தவறு அங்கே இருக்கிறது, வாய் திறந்ததில் இல்லை. அவர் 2024இல் பொதுத்தேர்வு எழுதி 600க்கு 469 வாங்கினார். அந்தச் சம்பவத்தை ஒட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வதோடு, 500 பேருக்கு மேல் படிக்கும் மேல்நிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு நல அலுவலர் ஒருவரை நியமிக்கவும் அது சொன்னது. மலையில் பல பள்ளிகளில் 500 பேர் இருக்கமாட்டார்கள் என்பது என் கவலை.

‘அடிபட்டாத்தான் தைரியம் வரும், வளர்ந்தா மறந்துடும்’ என்பது இதே நம்பிக்கையின் இன்னொரு முகம். மறப்பதில்லை. பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து பதிவு செய்துவருகிறார்கள். அவர்களில் 7,771 பேரின் பதிவுகளைப் பார்த்து லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். ஏழு வயதிலும் பதினோரு வயதிலும் அடிக்கடி கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் நடுவயதிலும் கூடுதலாக இருந்தன. ஐம்பது வயதில் உறவும் நட்பும் குறைந்திருந்தன. நாற்பது வருஷம் கழித்து! கொடுமை செய்தவனுக்கும் நன்மை இல்லை. ஓல்வியஸ் பின்தொடர்ந்த பையன்களில், பள்ளியில் பிறரை வதைத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் 24 வயதுக்குள் ஒருமுறையாவது நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருந்தார்கள். அவனைத் தடுக்காமல் விடுவது அவனுக்கும் செய்யும் துரோகம்.

ஒரு காலத்தில் ராகிங்கையும் இப்படித்தான் பேசினோம். சீனியர் ஜூனியர் பழக்கம் வளரும், கூச்சம் போகும் என்றார்கள். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். இன்று கூச்சம் போக்க ராகிங் வேண்டும் என்று எந்தக் கல்லூரி முதல்வரும் மேடையில் பேசமுடியாது. அந்த நம்பிக்கை சாக ஓர் உயிர் போகவேண்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்திலும் அப்படிக் காத்திருக்கவேண்டுமா?

கொடைக்கானல் விடுதிப் பள்ளிகளின் ஊர். சமவெளியிலிருந்து, கடல்கடந்தும்கூட, பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். வாரத்துக்கொரு முறை வீட்டுக்குப் பேசும்போது பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையிலேயே வதைப்பவனும் நிற்கலாம். ‘நல்லா இருக்கேன்மா’ என்பதைத் தவிர அந்தப் பிள்ளை என்ன சொல்லமுடியும்? பெற்றோர் ‘நல்லா இருக்கியா’ என்று கேட்காமல், ‘சாப்பாட்டு மேசையில பக்கத்துல யார் உட்கார்றா, ராத்திரி யார்கூடப் பேசிட்டு இருந்த’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரத் தாமதமானால் அடுத்த பேருந்தில் மலையேறுங்கள்.

பிள்ளை வந்து சொன்னால் முதலில் கேட்கவேண்டியது ‘எப்பலேர்ந்து?’ என்பது. அதோடு ‘இது உன் தப்பு இல்ல’ என்று ஒரு வார்த்தை. வந்த செய்திகளைக் கோபத்தில் அழித்துவிடாமல் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவைதான் சாட்சி. போனைப் பிடுங்காதீர்கள். பள்ளியில் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பள்ளி அசையாவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 இருக்கிறது, குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. படங்களை வைத்து மிரட்டினால் நேரே சைபர் குற்றப் பிரிவுக்குப் போகவேண்டும். உயிரை வெறுத்துப் பிள்ளை பேசினால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் 14416க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். பள்ளிகளுக்கு ஒன்று சொல்வேன்: ‘பஸ்ஸுல நடந்ததுக்கு நாங்க பொறுப்பில்ல’ என்ற பேச்சை விடுங்கள். சாயங்கால வண்டியில் முறைவைத்து ஓர் ஆசிரியர் ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்தால் போதும்.

போன மாதம் சந்தையில் அந்த எட்டாம் வகுப்புப் பையனைப் பார்த்தேன். ஜீப் ஓட்டுகிறான். கறிவேப்பிலைக் கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் “சார்” என்று தோள்துண்டை இறக்கினான். பழையதை நான்தான் எடுத்தேன். அன்று நான் சொன்னது தப்பு என்றேன். அவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மகள் அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குக் கொடைக்கானல் வருகிறாள் என்றான்.

“சாயங்கால பஸ்ஸுல இப்ப வாத்தியாருங்க யாராச்சும் கூட வர்றாங்களா சார்?”

இல்லை என்றுதான் சொல்லவேண்டியிருந்தது.